போணிக்கு முன் வந்த பூட்ஸ்

பூட்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் கடை முதலாளி ரஃபீக் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நிற்பது தெரியும். நான் திரும்பவில்லை. திரும்பினால் கூப்பிட்டு இன்னொரு தடவை திட்டுவார். அந்தக் குளிரில் இரண்டு தடவை திட்டு வாங்க உடம்பில் சூடு இல்லை.

சிலி நாட்டில் ஜூலை என்றால் குளிர்காலம். சான் அந்தோனியோ என்ற இந்தத் துறைமுக ஊருக்கு நான் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மலைச் சரிவில் அடுக்கடுக்காகத் தகர வீடுகள், கீழே கிரேன்கள், கண்டெய்னர்கள், அதற்கு அப்பால் பசிபிக் கடல். கிரேன்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால் ராயபுரம் பாலத்தின் மேல் நடப்பது போலவே இருக்கும். குனிந்து பார்த்தால் காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

பையில் இருந்தது பெண்கள் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸ், முப்பத்தேழாம் அளவு, புதுசு. அதை ஒரு பெண்ணிடம் சேர்க்க வேண்டும். அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவளைக் கண்டுபிடித்து, கடைக்கு அழைத்துவந்து, பாய் பக்கத்தில் சிரித்த முகமாக நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். முடியாவிட்டால் கடையில் எனக்கு வேலை கிடையாது. அடுத்த மாதம் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இவன் என்னிடம் வேலை செய்கிறான் என்று யாராவது ஒருவர் அலுவலகத்தில் சொன்னால்தான் அது நடக்கும். சொல்ல ஆள் இல்லை என்றால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். ரஃபீக் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். பல வருடங்களுக்கு முன்பு இந்த நாட்டின் வடகோடியில் துணி வியாபாரத்துக்கு வந்து, அப்புறம் இங்கே இறங்கி, துறைமுகத் தொழிலாளிகளுக்கான கடை வைத்தார். பூட்ஸ், கையுறை, மழைக்கோட்டு, கனத்த பேண்ட். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். காசிமேட்டில் படகு ஏறியிருக்கிறேன், எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு கிளீனராக இருந்திருக்கிறேன், துபாயில் சாரம் கட்டியிருக்கிறேன், மலேசியாவில் கோப்பை கழுவியிருக்கிறேன். கடைசியாக வண்ணாரப்பேட்டை நடைபாதையில் நைட்டி விற்றுக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வந்த பாய் என் சத்தத்தைக் கேட்டார். "உன் தொண்ட எனக்கு வேணும்டா, வர்றியா?" என்றார். எங்கே என்று கேட்பதற்கு முன்பே சரி என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை கடை திறந்து ஊதுவத்தி கொளுத்திய கையோடு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். காலில் இருந்த பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டியது. போன வாரம் வாங்கியது, அடிப்பாகத்தில் விரிசல், மாற்றிக்கொடு என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் இன்னும் போணி ஆகவில்லை.

போணிக்கு முன்னால், ஏற்கெனவே விற்றுப்போன சரக்கு திரும்பி உள்ளே வந்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். நடைபாதையில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாற்ற வருகிற அக்காவே பையைத் திறப்பதற்கு முன் "போணி ஆச்சாப்பா?" என்று கேட்பாள். ஆகவில்லை என்றால் பக்கத்தில் டீ குடித்துவிட்டு வருவாள். இந்தம்மா கேட்கவில்லை. நான் கையை ஆட்டி "தெஸ்புவேஸ், தெஸ்புவேஸ்" என்றேன். அவர்கள் மொழியில் 'பிறகு' என்று அர்த்தம். அவள் நகரவில்லை. நான் மெதுவாக வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வெளியே நிற்கும்படி கை காட்டினேன். அவள் பூட்ஸ் இரண்டையும் என் கால் மாட்டில் எறிந்துவிட்டு, நனைந்த சாக்ஸோடு பனியில் நடந்து போய்விட்டாள்.

எதிரில் நின்ற ஷேர் டாக்ஸியிலிருந்து யாரோ இதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அவள் முகம் தெரியாது, முதுகும் சாக்ஸும்தான். என் முகம் நன்றாகத் தெரியும். கையை ஆட்டுவது இன்னும் நன்றாகத் தெரியும். மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் கடைக்கு ஆளே வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் வாசலில் நின்று கையை ஆட்டி "தெஸ்புவேஸ்" என்று கத்திவிட்டு ஓடினார்கள். புதன்கிழமை காலையில் பாய் புது பூட்ஸை என் கையில் கொடுத்தார்.

"நானா இருந்தாலும் அதத்தான்டா சொல்லியிருப்பேன்," என்றார். "ஆனா கேமரா முன்னாடி சொல்லியிருக்க மாட்டேன். போய் அந்தம்மாவ இட்டுகினு வா. வரலன்னா நீயும் வராத."

*

முதலில் மீன் சந்தைக்குப் போனேன். காரணம் இருந்தது. அவள் பூட்ஸை நீட்டியபோது விரல்களைப் பார்த்திருந்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் புள்ளி புள்ளியாகக் கறுத்த குத்துத் தழும்புகள். என் அப்பாவுக்கும் அப்படி இருந்தது. காசிமேட்டில் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்வோம். ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான முள் தொங்கும். ஒவ்வொரு முள்ளிலும் இரை குத்துகிற கையில்தான் அந்தத் தழும்பு விழும்.

சான் அந்தோனியோ மீன் சந்தை கடலை ஒட்டி இருக்கிறது. காசிமேட்டில் நாய்கள் படுத்திருக்கும் இடத்தில் இங்கே கடற்சிங்கங்கள் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாட்டு எடை. மீன் தலை எறியாவிட்டால் வாயைத் திறந்து கத்துகின்றன. கூழைக்கடாக்கள் கடைப் பலகையிலேயே ஏறி நிற்கின்றன. ஒரு மீன்காரம்மா கத்தியை வீசி அவற்றை விரட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், விரலில் குத்துத் தழும்பு உள்ள ஒரு பெண்ணைத் தேடுகிறேன் என்று போனை நீட்டினேன்.

அந்தப் பெண்ணைக் காட்ட என்னிடம் அந்த வீடியோவைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதில் அவள் முதுகு வருவதற்கு முன் நான் வருவேன். இதை யோசிக்காமலே போனை நீட்டிவிட்டேன்.

அவள் பார்த்தாள். தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"இது நீதானே?"

"ஆமாம்."

"எல்லோரும் வாருங்கள், தெஸ்புவேஸ் வந்திருக்கிறான்."

நாலைந்து பேர் கத்தியும் கையுமாக வந்தார்கள். எதற்காக அப்படிச் செய்தாய் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் போணியை விளக்கினேன். காலையில் முதல் விற்பனை, அதற்கு முன் சரக்கு திரும்பி வரக்கூடாது, வந்தால் நாள் கெட்டுவிடும்.

மீன்காரம்மா கத்தியைத் துடைத்தாள். "நானும் இன்றைக்கு இன்னும் ஒன்றும் விற்கவில்லை. நீ என் சரக்கை வாங்கு, பிறகு உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்."

வாங்கினேன். மெர்லூசா என்ற மீன். நம் கிழங்கான் மாதிரி மெதுவான சதை, ஆனால் முழங்கை நீளம். மாவில் முக்கிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். மசாலா கிடையாது, உப்பும் எலுமிச்சையும்தான். இந்த நாட்டில் எதைத் தின்றாலும் ரொட்டியோடு தின்ன வேண்டும். பீச் ஸ்டேஷன் எதிரில் காரமான பர்மா அத்தோ நூடுல்ஸ் தின்று வளர்ந்த நாக்கு இது, முதல் மாதம் அழுதது. இப்போது பழகிவிட்டது. குளிருக்குச் சூடாக எது இறங்கினாலும் சரி.

நான் மென்று முடிக்கும்வரை காத்திருந்து அவள் சொன்னாள்: "விரலில் குத்துக்காயம் என்றால் தூண்டிலுக்கு இரை குத்துகிறவள். இங்கே இல்லை. வடக்கே லாஸ் பியேத்ராஸ் குப்பத்தில் பெண்கள் குத்துகிறார்கள். அங்கே போய்க் கேள். ஆனால் அங்கேயும் இந்தப் படத்தைக் காட்டாதே."

"வேறு என்ன காட்டுவது?"

"பூட்ஸைக் காட்டு, மடையா."

*

வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன் அக்காவின் குரல் செய்தி வந்திருந்தது. அக்கா அமுலு எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். நான் ஊரில் இருந்தால் அவள் வீட்டு வராந்தாவில்தான் படுக்கை. பாயின் தம்பி மகன் வழியாக வீடியோ வண்ணாரப்பேட்டை போய், அங்கிருந்து அவளிடம் போயிருக்கிறது.

"இன்னாடா டில்லி, அங்க போயும் மானத்த வாங்கிகினு கீற. போணி ஆவலன்னு சொன்னது ஒரு குத்தமாடா? அந்தம்மாக்குப் போணி தெரியாதா? சரி வுடு. பாய் தொரத்திட்டா இன்னா பண்ணுவ? வர்றதுன்னா வா, நான் வாணான்னு சொல்லல. ஆனா வராந்தால இப்ப மாமாவோட தங்கச்சி பையன் பட்த்துகினு கீறான், மணலில வேல கெடச்சிது அவனுக்கு. ஒன்னிய எங்க படுக்க வக்கிறது? மொட்ட மாடிலதான். மழ வந்தா பேஜாரு. சோறு துன்னியா?"

இரண்டு தடவை கேட்டேன். கோபம் வரவில்லை. அந்த வராந்தாவில் ஆள் மாறுவது புதிதல்ல. நான் துபாய் போனபோது வேறொருவன் படுத்தான், நான் வந்ததும் போனான். ஆனால் இந்தப் பையனுக்கு மணலியில் நிலையான வேலை. அவன் நகரமாட்டான்.

பஸ் கார்த்தஹேனா என்ற கடற்கரை ஊரைத் தாண்டி மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டியவரை கண்டெய்னர் லாரிகள். லாரிக்காரர்கள் ஏதோ கோரிக்கைக்காக ரோட்டின் குறுக்கே டயர் கொளுத்தியிருந்தார்கள். ஓட்டுநர் எழுந்து திரும்பி, "நான் திரும்பப் போகிறேன். இறங்குகிறவர்கள் இறங்கலாம், வருகிறவர்கள் வரலாம்," என்றார். ஒரு கிழவர் மட்டும் "எனக்கு நேரம் இருக்கிறது" என்று இருக்கையிலேயே படுத்துக்கொண்டார். நான் இறங்கினேன்.

எரியும் ரப்பர் வாசனை எனக்குப் பழக்கமானதுதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குள் போக லாரி வரிசை நகராமல் நிற்கும்போது நாங்கள் லாரிக்கு அடியில்தான் சோறு பொங்குவோம், அங்கேயே குளிப்போம், அங்கேயே சீட்டாடுவோம். முன்னால் லாரி ஓரடி நகர்ந்தால் சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இங்கே வெயில் இல்லை, கொசு இல்லை, மற்றபடி எல்லாம் அதே. ஒருவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பு வைத்துக் கெட்டில் போட்டிருந்தான். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. நான் எதுவும் கேட்காமல் பூட்ஸ் பையைக் காற்று வரும் பக்கம் வைத்து, அதற்குப் பின்னால் குந்திக்கொண்டேன். தீ நின்றது.

அவன் என்னை நன்றாகப் பார்த்தான். அவன் பெயர் லூயிஸ். தாடி வைத்த, தொந்தி வைத்த ஆள்.

"உன்னை எங்கோ பார்த்திருக்கிறேன்."

நான் தீயைப் பார்த்துக் குனிந்தேன். அவனே கையை ஆட்டினான், என்னைப் போலவே. சிரிப்பு வந்து கெட்டிலைத் தட்டிவிடப் பார்த்தான்.

"தெஸ்புவேஸ்! என் மனைவி உன்னைக் கண்டால் அடிப்பாள். உன் உண்மையான பெயர் என்ன?"

"டில்லி."

"டெல்லியா? அப்படியானால் தாஜ்மகாலுக்குப் பக்கம்."

"இல்லை, எண்ணூருக்குப் பக்கம்."

"அங்கே என்ன இருக்கிறது?"

"இதுதான்," என்று லாரி வரிசையைக் காட்டினேன். "டயர் கூட இதே மாதிரி எரியும்."

டீயை ஊற்றிவிட்டு என்னிடம் நீட்டினான். நான் கையை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டு "தெஸ்புவேஸ்" என்றான். பக்கத்து லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் கொடுத்தான். அவகாடோவை மசித்துத் தடவிய ரொட்டியும் கொடுத்தான். பூசணிக்காய் போட்டுப் பிசைந்த மாவை வட்டமாகத் தட்டிப் பொரித்து ஒரு கிழவி வண்டியில் கொண்டுவந்தாள். வரிசை நிற்கும் இடத்துக்கு வியாபாரம் தானாக வந்து சேரும். அதுவும் எண்ணூர் மாதிரியேதான், அங்கே சுண்டலும் பாக்கெட் தண்ணீரும் வரும்.

சாயங்காலம் வரை ரோடு திறக்கவில்லை. அன்றிரவு லூயிஸின் லாரியில் ஓட்டுநர் இருக்கையில் சுருண்டு படுத்தேன், அவன் பின்னால் பலகையில் படுத்தான். தூங்குவதற்கு முன், பூட்ஸ் ஏன் உன் கையில் என்று கேட்டான். சொன்னேன். வேலை, அனுமதி, வராந்தா எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ.

"அவள் வராவிட்டால்?" என்றான்.

"மொட்டை மாடி," என்றேன்.

*

வெள்ளிக்கிழமை விடியும்போது ரோடு திறந்தது. லாஸ் பியேத்ராஸுக்குப் பிரியும் மண் ரோட்டில் லூயிஸ் என்னை இறக்கிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போனான். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. சரிவில் இறங்கினால் சின்னக் குப்பம். மணலில் மஞ்சள் படகுகள் வரிசையாக ஏற்றிவைக்கப்பட்டிருந்தன, படகுக்குப் பெயர்கள் எல்லாம் மாதா பெயர். எண்ணூர்க் குப்பத்தில் நிற்பது போல இருந்தது, அனல்மின் நிலையச் சாம்பலும் குழாயும் மட்டும் இல்லை.

படகுகளுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தேன். சிமெண்டுத் தரையில் தண்ணீர். நீள மேசையின் இருபுறமும் ஏழெட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் துண்டு போட்ட மத்தி மீன் குவிந்திருந்தது. ஒவ்வொருத்தி முன்னும் ஒரு மரத்தொட்டி. தொட்டியில் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வைத்து, முள்ளில் இரையைக் குத்தி ஓரமாக அடுக்கினார்கள். கை நிற்கவே இல்லை, வாயும் நிற்கவில்லை.

காசிமேட்டில் தூண்டில் கயிற்றைப் பெண்கள் தாண்டினாலே சில கிழவர்கள் முகம் சுளிப்பார்கள். மீனை விற்கலாம், ஏலம் எடுக்கலாம், கயிற்றைத் தொடக்கூடாது. இங்கே அந்தக் கொட்டகையில் ஒரு ஆண் பிள்ளை கூட இல்லை.

கடைசியில் நின்றவள் அவள்தான். முகத்தை வைத்து நான் அடையாளம் காணவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பூட்ஸில் நிற்க, அவள் காலில் மட்டும் பழைய கேன்வாஸ் ஷூ, அதற்குள் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

அவள் தலையைத் தூக்கினாள். மேசை முழுக்கப் பேச்சு நின்றது. ரேடியோ மட்டும் பாடியது. நான் பையிலிருந்து பூட்ஸை எடுத்து நீட்டினேன்.

அவள் மத்தி ஒட்டிய கையைத் தூக்கி ஆட்டினாள். "தெஸ்புவேஸ்," என்றாள். வாசலுக்கு வெளியே விரலைக் காட்டினாள்.

கொட்டகை அதிர்ந்தது. ஒருத்தி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நான் வெளியே போய் நின்றேன்.

நின்றுகொண்டே இருந்தேன். பனி தூறலாக மாறியது. ஒரு நாய் வந்து பூட்ஸை முகர்ந்துவிட்டுப் போனது. உள்ளே யாரும் என்னைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. என் துணி ஷூவுக்குள் ஈரம் ஏறி, விரல்கள் மரத்துப்போயின. அவளும் அன்று இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைப்பதற்குள் இன்னொரு நினைப்பு வந்தது: இல்லை, அவள் நிற்கவே இல்லை. எனக்குத்தான் போக இடம் இல்லை.

வாசல் ஓரத்தில் சிக்கு விழுந்த கயிறு ஒரு தொட்டி நிறையக் கிடந்தது. சும்மா நிற்கும் கை எனக்கு எப்போதும் ஆகாது. குந்தி உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன். முள் இரண்டு தடவை குத்தியது. பாதி பிரித்துச் சுருட்டியிருந்தபோது மேலே நிழல் விழுந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பான பக்கம் சுற்றியிருக்கிறாய்," என்றாள்.

காசிமேட்டில் வலப்பக்கம் சுற்றுவோம். இவர்கள் இடப்பக்கம். படகிலிருந்து விடும்போது என் சுருள் திருகிக்கொள்ளும். எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்றினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பெயர் என்ன?"

"டில்லி."

"நான் மார்த்தா. ஏன் வாங்கிக்கொள்ளவில்லை?"

இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன். போணி என்ற சொல்லையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்றைக்கு உன் முதல் விற்பனை எப்போது நடந்தது?"

"நடக்கவே இல்லை."

"அப்படியானால் நான் இருட்டும்வரை நின்றிருக்க வேண்டும்."

"ஆமாம்."

"ஈரச் சாக்ஸோடு."

"எங்கள் ஊரில் யாரும் நிற்க மாட்டார்கள். பக்கத்தில் போய் டீ குடிப்பார்கள்."

"உன் கடையில் கெட்டில் இல்லையா?"

இருந்தது. ஊதுவத்தி கொளுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. உட்கார ஸ்டூலும் இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை. இல்லை என்று சொல்ல முடியாமல், இருந்தது என்றேன்.

அவள் ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையை அவிழ்த்தாள். புது பூட்ஸைப் போட்டாள். எழுந்து போய், கொட்டகையிலிருந்து தண்ணீர் ஓடிவரும் வாய்க்காலில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றாள். கழற்றிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுத் தடவினாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

கடைக்கு வர வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். என் வேலையைப் பற்றியும் சொன்னேன்.

"வரமாட்டேன். வாங்கியது நல்லதாக இருந்திருந்தால் ஒரு தடவைதான் வந்திருப்பேன். அதற்கே மூன்றாவது தடவை வரச் சொல்கிறாய்." கோபமில்லாமல் சொன்னாள். "படத்துக்குச் சிரிக்கவும் எனக்கு வராது."

அவள் முன்னாலேயே பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், அந்தம்மா கெடச்சிட்டாங்க. பூட்ஸ் குட்த்துட்டேன். போட்டுகினாங்க."

"இட்டுகினு வா."

"வரமாட்டேன்றாங்க பாய்."

பாய் சொன்னார்: "அப்ப நான் சொன்னது சொன்னதுதான்டா டில்லி. ஒன்னிய கடைல வச்சா ஒருத்தனும் படியேற மாட்டான். திங்கக்கெழமைலேர்ந்து போணி ஆவல தெரியுமா? ஒரு கையுறை கூட போவல. காலைல தொறக்கறேன், ஊதுவத்தி வக்கிறேன், ராத்திரி மூடறேன். கோச்சுக்காத. ஒன் பொட்டியெல்லாம் பத்திரமா கீது, வந்து எட்த்துக்கோ."

"சரி பாய்," என்றேன். அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை.

மார்த்தாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தே "போய்விட்டதா?" என்றாள். தலையாட்டினேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மேசையில் ஒரு இடம் காலியாக இருந்ததை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். அதன் முன் வெறும் முள்ளோடு தொட்டிகள் அடுக்கிக் கிடந்தன.

"அந்த இடத்துக்காரி மகள் பிரசவத்துக்குத் தலைநகர் போயிருக்கிறாள். சீக்கிரம் திரும்பமாட்டாள்," என்றவள், படகடியில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள். ஊகோ என்று பெயர். மூன்று படகுக்குச் சொந்தக்காரர். "ஊகோ, இவனுக்கு வேலை வேண்டும். உன்னிடம் வேலை செய்கிறான் என்று அலுவலகத்தில் சொல்லவும் வேண்டும்."

அவர் எண்ணெய்க் கையோடு வந்து நான் சுற்றிய தொட்டியைப் பார்த்தார்.

"இவன் அந்தத் தெஸ்புவேஸ் அல்லவா?"

"அவனேதான்."

"செய்கிறான் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் செய்ய வேண்டும்," என்றார். "நாளைக் காலை வரட்டும்."

அன்று மார்த்தா வீட்டுக்குப் பின்னால் வலை வைக்கும் அறையில் படுத்தேன். சாப்பிட மீன் சூப் கொடுத்தாள், கூடவே ரொட்டி.

*

சனிக்கிழமை விடிவதற்கு முன் கொட்டகையில் காலி இடத்தில் நின்றேன். எனக்கு இருபுறமும் ஏப்ரன் கட்டிய பெண்கள், என்னைவிட உயரமானவர்கள். முதல் முள்ளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எதிரில் நின்றவள் பார்த்துவிட்டுப் பக்கத்தவளை முழங்கையால் இடித்தாள்.

மத்தித் துண்டை முதுகெலும்பு ஓரமாகக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் கழன்றுவிடும். அது ஊரில் கற்றது. இடப்பக்கம் சுற்றுவது மட்டும் கைக்கு வர மறுத்தது. வலப்பக்கம் போகும், பிரிப்பேன், மறுபடி போகும். அவர்கள் மூன்று தொட்டி முடித்தபோது நான் ஒன்றில் பாதி தாண்டியிருந்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை. கேலி மட்டும் வந்தது.

"தெஸ்புவேஸ், இன்றைக்குள் முடியுமா?"

"தெஸ்புவேஸ்," என்றேன். அதற்குச் சிரித்தார்கள்.

தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் துணி ஷூவும் இரண்டு சாக்ஸும் ஊறிப்போயின. கால் இருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டேன். மார்த்தா வெள்ளை பூட்ஸில் நின்றுகொண்டு அதைக் கவனித்தாள்.

"பூட்ஸ் வாங்கு."

"எங்கே?"

"உனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறதே."

மேசை முழுக்கச் சிரிப்பு. அது அடங்கியதும் சொன்னேன்: "திங்கட்கிழமை என் பெட்டியை எடுக்கப் போக வேண்டும். கடை திறக்கும்போதே போய் நின்று ஒரு ஜோடி வாங்குகிறேன்."

"ஏன் திறக்கும்போதே?"

"பாய்க்கு ஒரு வாரமாகப் போணி ஆகவில்லை."

அவள் அந்தச் சொல்லை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "வாங்குவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பார்," என்றாள். "இப்போது தொட்டியை முடி."

முடித்தேன். ஊகோ வந்து கயிற்றின் நுனியைப் பிடித்து இரு கையையும் விரித்த அளவில் நாலைந்து பாகம் இழுத்தார். முள் ஒன்றோடு ஒன்று சிக்காமல் வரிசையாக எழுந்தது. ஒரு இரையை விரலால் சுண்டினார். கழலவில்லை. அந்தத் தொட்டியைத் தூக்கிப் படகுக்குப் போகிற வரிசையில் வைத்துவிட்டு வந்து, வெறும் முள்ளோடு இன்னொரு தொட்டியை என் முன்னால் வைத்தார்.